வீட்டின் மறைந்த குறையும் விற்பவர் கடமையும்

கிராமத்தில் மாடு வாங்குபவர் பல்லைப் பிடித்துப் பார்ப்பார், சுழியைப் பார்ப்பார், நடக்கவிட்டுப் பார்ப்பார், ஏரில் பூட்டியும் பார்ப்பார். அதே மனிதர் மாட்டின் விலையினும் பன்மடங்கு மிகுந்த விலைக்கு வீடு வாங்கும்பொழுது, நாள் நட்சத்திரம் பார்ப்பதோடும் வாசற்கால் நிற்கும் திசையைப் பார்ப்பதோடும் அமைந்துவிடுகிறார். சுவரின் அடியில் இருப்பது என்ன, உத்தரம் கெட்டியானதா, விற்பவருக்கு உண்மையில் எவ்வளவு பாத்தியதை உண்டு என்பவற்றை விசாரியாமலே அச்சாரம் கொடுத்துவிடுகிறார். பின்னர் துன்பம் நேர்ந்தால், "வாங்கினவன் தலைவிதி" என்று ஊரார் கூறுகின்றனர். விற்றவரும் அவ்வாறே எண்ணிக்கொள்ளுகிறார். ஆனால் சட்டம் அவ்வாறு கூறவில்லை. வீடு விற்பவர் தமக்குத் தெரிந்த குறையை வாங்குபவரிடம் சொல்லியாக வேண்டும் என்பதே சட்டம். இக்கடமை நம் நாட்டில் 1882-ஆம் ஆண்டு முதல் எழுத்தில் இருந்துவருகிறது. ஆயினும் கிராமங்களில் இதனை அறிந்தவர் மிகச் சிலரே. ஆகையால் இதனைச் சற்று விரித்துரைத்தல் பயனுடையதாகும்.

ஓர் உதாரணம்

ஒரு நெசவாளி பன்னிரண்டு ஆண்டுகள் சிறுகச் சிறுகச் சேமித்து, குறைக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் கடனும் பெற்று, 6,00,000 ரூபாய்க்கு ஓர் ஓட்டு வீடு வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். வீடு புதிதாக வெள்ளையடிக்கப்பட்டுத் தூய்மையாக இருந்தது. கிரயம் ஐப்பசிக்கு முன்னரே முடிந்தது. கார்த்திகை மழையில் பின்கட்டுச் சுவர் ஒரு சாண் அளவு உள்வாங்கிப் பிளந்தது. தறி போட்டிருந்த அறையின் கூரையும் சரிந்தது. தோண்டிப் பார்த்தபொழுது அச்சுவர் ஒரு பழைய கிணற்றைத் தூர்த்த இடத்தின்மேல் எழுப்பப்பட்டதென்று தெரியவந்தது. கிணற்றைத் தூர்த்தவர் வீட்டை விற்றவரே. முன்னிரண்டு மழைக்காலங்களிலும் அச்சுவர் விரிசல் கண்டதும், அவர் கொத்தனை அழைத்துச் சாந்து பூசி மறைத்ததும் அண்டை வீட்டார் அறிந்த செய்தி. வாங்கினவர் ஒருவரே அறியாதவர்.

இவருக்கு வீடு மட்டும் பழுதாகவில்லை. தறி நின்றது, அதனால் கூலி நின்றது, ஆனால் சங்கத்துக் கடன் தவணை நிற்கவில்லை. மறைக்கப்பட்ட ஒரு குறை ஒரு குடும்பத்தை எவ்வளவு தூரம் இழுத்துச் செல்லக்கூடும் என்பதற்கு இஃதொன்றே போதும்.

சட்டம் கூறுவது

சரக்கு வாங்குபவனே விழிப்பாயிருக்க வேண்டும் என்பது இங்கிலாந்து தேசத்தின் பழைய விதி. அவ்விதியை நம் நாட்டுச் சட்டம் வீடு நிலங்களின் விஷயத்தில் அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. 1882-ஆம் ஆண்டின் சொத்து உரிமை மாற்றுச் சட்டம், 55-ஆவது பிரிவில், விற்பவருக்கும் வாங்குபவருக்கும் உள்ள கடமைகளை வரிசையாகக் கூறுகிறது. அவற்றுள் முதலாவதாக வைக்கப்பட்டிருப்பது குறைகூறும் கடமையே. சொத்திலாயினும், விற்பவரது பாத்தியதையிலாயினும், முக்கியமான குறை ஏதேனும் இருந்து, அது விற்பவருக்குத் தெரிந்ததாயும், வாங்குபவருக்குத் தெரியாததாயும், சாதாரண கவனத்தோடு பார்த்தால் வாங்குபவர் கண்டுகொள்ளக் கூடாததாயும் இருக்குமாயின், அதனை விற்பவர் வெளியிட்டுச் சொல்ல வேண்டும்.

இவ்விதியில் நான்கு அமிசங்கள் உள்ளன. குறை முக்கியமானதாயிருக்க வேண்டும். விற்பவர் அதனை அறிந்திருக்க வேண்டும். வாங்குபவர் அறியாதிருக்க வேண்டும். சாதாரண கவனத்தால் அது புலப்படாததாயிருக்க வேண்டும். நான்கும் சேர்ந்தால் சொல்ல வேண்டிய கடமை பிறக்கிறது. அப்பிரிவின் இறுதியில் மற்றொரு வாக்கியமும் உண்டு. சொல்ல வேண்டிய இக்குறையைச் சொல்லாமல் விடுவதே மோசடியாகும் என்பது அது. வாய் திறந்து பொய் சொன்னால்தான் மோசடி என்று எண்ணுவோர் இதனை நன்கு மனத்திற் கொள்ள வேண்டும்.

முக்கியமான குறை எது என்னும் கேள்வி எழலாம். அதனை அறிந்திருந்தால் வாங்குபவர் அச்சொத்தை வாங்கவே நினைத்திருக்க மாட்டார் என்று கூறத்தக்கதே முக்கியமான குறை. ஓடு நான்கு உடைந்திருப்பதும், கதவுத் தாழ் இறுகியிருப்பதும் அத்தகையன அல்ல. அஸ்திவாரத்தின் கீழ்த் தூர்ந்த கிணறு இருப்பது அத்தகையது.

கண்ணுக்குத் தெரியும் குறையும் தெரியாத குறையும்

சொத்தின் குறைகள் இரு வகைப்படும். கண்ணுக்குத் தெரிவன ஒருவகை. சுவர் சாய்ந்திருப்பதும், கூரை ஒழுகித் தரையெல்லாம் கறை படிந்திருப்பதும், வீட்டுக்கு வண்டிப்பாதை இல்லாமையும் யாரும் பார்த்தவுடன் அறியத்தக்கன. இவற்றை விற்பவர் எடுத்துச் சொல்ல வேண்டும் என்று சட்டம் கூறவில்லை. பார்க்காமல் வாங்கியவர் பின்னர் முறையிடுதலும் இயலாது.

மறைந்திருப்பன மற்றொருவகை. உத்தரத்தைக் கரையான் உள்ளே தின்றுவிட்டிருக்க, மேலே கீல் பூசியிருத்தல். ஒவ்வொரு பெருமழையிலும் வீட்டினுள் முழங்காலளவு நீர் நிற்றல். தமக்கே உரியது என்று காட்டப்பட்ட பக்கச்சுவர் உண்மையில் அண்டை வீட்டாருடையதாயிருத்தல். சாலை அகலப்படுத்துவதற்காக முற்றத்தில் ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளுவதாக அறிவிப்பு வந்திருத்தல் ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தன. கோடையில் வந்து பார்ப்பவர் மழைக்கால வெள்ளத்தை எவ்வாறு அறிவார்? விற்பவரின் பெட்டியிலுள்ள அறிவிப்பை எவ்வாறு காண்பார்? ஆதலால் இவற்றைச் சொல்லும் பொறுப்பு விற்பவரைச் சார்கிறது.

சாதாரண கவனம் என்பது கொத்தன், தச்சன் ஆகியோரது நுட்பக் கவனம் அன்று. வீடு வாங்க வந்த ஒரு விவேகமுள்ள குடித்தனக்காரர் பார்ப்பனவற்றைப் பார்த்தலும், கேட்பனவற்றைக் கேட்டலுமே அதுவாகும். பூசி மறைத்த சாந்தை உளிகொண்டு பெயர்த்துப் பார்க்க வேண்டும் என்று எவரும் எதிர்பார்ப்பதில்லை.

பாத்தியதையில் உள்ள குறை

சுவர் நன்றாயிருந்தும் பாத்தியதை பழுதாயிருக்கலாம். நாட்டுப்புறத்தில் இவ்வகைக் குறைகள் மிகுதி. வீடு முன்னமே ஒருவருக்கு அடமானமாகவோ போக்கியமாகவோ இருக்கலாம். வேறொருவரிடம் அச்சாரம் வாங்கியிருக்கலாம். வீட்டின்மேல் வியாஜ்ஜியம் நடந்துகொண்டிருக்கலாம். மனையில் ஒரு பகுதி புறம்போக்காயிருக்கலாம். பாகப்பிரிவினை ஆகாத சொத்தைச் சகோதரருள் ஒருவர் மட்டும் விற்கலாம். 2005-ஆம் ஆண்டின் திருத்தத்தினால் இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்தில் பெண்மக்களுக்கும் ஆண்மக்களைப் போலவே பிறப்புரிமை உண்டு. ஆகவே, கலியாணமாகிப் புகுந்த வீடு சென்ற பெண்ணின் கையெழுத்து வேண்டுவதில்லை என்னும் பழைய எண்ணம் இப்பொழுது செல்லாது. மைனருக்குத் தனியே உரிய சொத்தை நியாயஸ்தலத்தின் அனுமதியின்றித் தகப்பனாரோ தாயாரோ விற்றால், அக்கிரயத்தை ரத்துச் செய்யும்படி அம்மைனர் பின்னர்க் கோருவதற்கு 1956-ஆம் ஆண்டின் இந்து மைனர் மற்றும் கார்டியன் சட்டம் இடந்தருகிறது.

இவ்வகைக் குறைகளையும் விற்பவர் தாமே முன்வந்து சொல்ல வேண்டும். அன்றியும், தாம் விற்பதாகக் கூறும் உரிமை தம்மிடம் உள்ளது, அதனை மாற்றிக்கொடுக்கத் தமக்கு அதிகாரமும் உண்டு என்னும் உறுதி, வேறு ஏற்பாடு இல்லாதபொழுது, பத்திரத்தில் எழுதப்படாவிட்டாலும் எழுதப்பட்டதாகவே கொள்ளப்படும். மூலப்பத்திரங்களை வாங்குபவர் கேட்டால் காட்டுதலும், கிரய நாள்வரை செலுத்த வேண்டிய வரிகளைத் தீர்த்தலும், ஒப்பந்தம் செய்த நாள் முதல் வீட்டை ஒப்படைக்கும் நாள்வரை விவேகமுள்ள சொந்தக்காரரைப் போல் அதனைப் பாதுகாத்தலும் விற்பவரின் கடமைகளே.

சட்டம் ஒரு பக்கம் சாயவில்லை. விற்பவர் அறியாததும், அவருடைய உரிமையின் மதிப்பைப் பெரிதும் உயர்த்தக்கூடியதுமான செய்தியை வாங்குபவர் அறிந்திருந்தால் அவரும் அதனை மறைத்தலாகாது. தமக்குப் பாதிப் பங்கே உண்டென்று எண்ணி ஒருவர் வீட்டை விற்க வருகிறார். மற்றைப் பங்காளி சந்ததியின்றி இறந்ததால் அப்பங்கும் அவருக்கே வந்துவிட்டதென்று வாங்குபவர் அறிவார். அதனைச் சொல்லாமல் பாதி விலைக்கு வாங்குதலும் மோசடியே.

மௌனம், மறைப்பு, பொய்

1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தின்படி, பேச வேண்டிய கடமை இல்லாதவிடத்து வெறும் மௌனம் மோசடியாகாது. பேச வேண்டிய கடமை இருக்குமிடத்தில் மௌனம் மோசடியாகும். வீடு விற்பவருக்கு அக்கடமை உண்டென்பதை முன்னர்க் கண்டோம். குறையை மறைப்பதற்காகச் சாந்து பூசுதலும், பிளந்த தூலத்தைப் பலகையால் மூடுதலும் மௌனத்தினும் ஒருபடி மிகுந்தவை. அவை செயலால் மறைத்தல். "கிணறு இங்கே இருந்ததே இல்லை" என்று சொல்லுதல் முழுப் பொய்.

இவ்வேறுபாடு நடைமுறையில் மிக முக்கியமானது. விற்பவர் மௌனமாயிருந்த காரணத்தால் கிரயத்தை ரத்துச் செய்யக் கோரினால், "சாதாரண முயற்சியால் நீரே உண்மையைக் கண்டிருக்கலாமே" என்று விற்பவர் தடை கூறச் சட்டம் இடந்தருகிறது. கேட்ட கேள்விக்கு அறிந்தே பொய் சொல்லி ஏமாற்றியவர் அத்தடையைக் கூற இடமில்லை. ஆகையால் வாங்குபவர் வாய்விட்டுக் கேட்பதே அவருக்குப் பெரும் பாதுகாப்பு. சொத்தைப் பற்றியும் பாத்தியதையைப் பற்றியும் கேட்கப்படும் பொருத்தமான கேள்விகளுக்கெல்லாம் தாம் அறிந்தவரையில் விடை சொல்ல விற்பவர் கடமைப்பட்டவர் என்று 55-ஆவது பிரிவே கூறுகிறது.

"நல்ல காற்றோட்டமான வீடு, ராசியான வீடு" என்று புகழ்ந்து கூறுதல் எல்லா வியாபாரத்திலும் உள்ளது. அப்புகழ்ச்சியை மட்டும் நம்பி வாங்கியவர் அதனை மோசடி என்று வழக்காட இயலாது. "ஐம்பது வருஷமாக இந்த வீட்டினுள் நீர் வந்ததில்லை" என்பது புகழ்ச்சியன்று. அது மெய்யாகவோ பொய்யாகவோ இருக்க வேண்டிய ஒரு செய்தி.

வாங்குபவர் செய்ய வேண்டுவன

சட்டம் காக்கும் என்று வாங்குபவர் உறங்கிவிடலாகாது. அவர் செய்ய வேண்டியவை பின்வருமாறு:

1. வீட்டைப் பகலில் ஒருமுறையும், கூடுமானால் மழை பெய்த மறுநாள் ஒருமுறையும் பார்க்க வேண்டும். ஊரிலுள்ள கொத்தன் ஒருவரையும் தச்சன் ஒருவரையும் உடன் அழைத்துச் செல்லலாம். அவர்களுக்குக் கொடுக்கும் ஒருநாட் கூலி வீண்போகாது.

2. சப் ரிஜிஸ்திரார் ஆபீசில் வில்லங்கச் சான்று பெற வேண்டும். பதிவான பத்திரத்தை நாம் பார்க்காவிட்டாலும் பார்த்து அறிந்ததாகவே சட்டம் கருதும்.

3. வில்லங்கச் சான்று ஒன்றையே முழுதும் நம்புதல் தகாது. பதிவாகாத வாடகையும், மூலப்பத்திரத்தைப் பிணையாக ஒப்படைத்து வாங்கிய கடனும் அதில் காணப்படாமற் போகலாம். ஆதலின் மூலப்பத்திரத்தை நகலாகவன்றி அசலாகவே பார்க்க வேண்டும். அசல் இல்லை என்றால் ஏன் இல்லை என்று கேட்க வேண்டும்.

4. வீட்டில் விற்பவரன்றி வேறு யாரேனும் குடியிருந்தால், எந்தப் பாத்தியதையின்மேல் இருக்கிறார் என்று அவரையே நேரில் கேட்க வேண்டும். அனுபோகத்தில் இருப்பவருக்குள்ள உரிமையை வாங்குபவர் அறிந்ததாகவே சட்டம் கொள்ளும்.

5. பட்டா, வரி ரசீது, மனையின் அளவு ஆகியவற்றைப் பத்திரத்தோடு ஒத்துப் பார்க்க வேண்டும்.

6. கேள்விகளை ஒரு தாளில் எழுதி விற்பவரிடம் கொடுத்து, விடைகளை எழுத்தில் பெற வேண்டும். சுவர், கூரை, அஸ்திவாரம் ஆகியவற்றில் பழுது பார்த்ததுண்டா? தூர்த்த கிணறோ குழியோ உண்டா? மழைநீர் புகுவதுண்டா? அண்டை வீட்டாருக்கு வழி, நீர்ப்போக்கு உரிமை ஏதேனும் உண்டா? அறிவிப்பு, கடன், வியாஜ்ஜியம் உண்டா? வாரிசுகள் யார் யார்? இவ்வைந்தாறு கேள்விகளே போதும். விடை எழுதித்தர மறுப்பவரிடம் வாங்குதல் நன்றா என்று ஒருமுறைக்கு இருமுறை யோசிக்கலாம்.

பத்திரம் பதிவானதால் பாத்தியதை சரியென்றோ, சுவர் உறுதியென்றோ ஆகிவிடாது. கிரயம் நடந்தது என்பதற்கு மட்டுமே பதிவு சான்றாகும்.

ஏமாற்றப்பட்டவருக்குள்ள பரிகாரம்

கிரயம் முடியுமுன் குறை வெளிப்பட்டால், வாங்குபவர் கிரயத்தை முடிக்க மறுத்து, கொடுத்த அச்சாரத்தைத் திரும்பக் கேட்கலாம். அத்தொகைக்கு அச்சொத்தே ஈடாக நிற்கும் என்று அதே 55-ஆவது பிரிவு கூறுகிறது. கிரயம் முடிந்தபின் தெரிந்தால் இரண்டு வழிகள் உண்டு. கிரயத்தை ரத்துச் செய்து பணத்தைத் திரும்பப் பெறக் கோரலாம். அல்லது வீட்டை வைத்துக்கொண்டு, நேர்ந்த நஷ்டத்துக்கு ஈடு கோரலாம். ரத்துச் செய்யக் கோரும் வழக்கை, உண்மை தெரிந்த நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும் என்பது 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம்.

குறையை அறிந்த பின்னும் வாளா இருந்து, வீட்டை இடித்துக் கட்டியோ வேறொருவருக்கு அடமானம் வைத்தோ விடுவாரானால், அவர் கிரயத்தை ஒப்புக்கொண்டதாகவே கருதப்பட இடமுண்டு. ஆகையால் குறை தெரிந்தவுடன் விற்றவருக்குப் பதிவுத் தபாலில் அறிவிப்பு அனுப்புதல் நலம். பழுது பார்க்குமுன் புகைப்படம் எடுத்தலும், சாட்சிகளை வைத்துக் காட்டுதலும் வேண்டும்.

வழக்கில் கடினமானது, விற்பவருக்குக் குறை முன்னமே தெரியும் என்று மெய்ப்பிப்பதாகும். நெசவாளியின் வழக்கில் சாந்து பூசிய கொத்தனும், கிணற்றைத் தூர்த்தபொழுது மண் சுமந்தவரும், அண்டை வீட்டாரும் சாட்சிகள். விற்பவர் எழுதிக்கொடுத்த விடைத்தாள் இருந்திருப்பின் அது எல்லாச் சாட்சிகளிலும் வலிய சாட்சியாயிருக்கும். முன்னமே ஒருவருக்கு விற்ற சொத்தை அதனை மறைத்து மற்றொருவருக்கு விற்றல் போன்ற செயல்கள் சிவில் வழக்கோடு நில்லாமல், வஞ்சனைக் குற்றமாகத் தண்டனைக்கும் உரியவை. வழக்குச் செலவுக்கு வகையற்றோர் தாலுகாவிலுள்ள சட்டப் பணிகள் குழுவை அணுகலாம். பெண்களுக்கும் தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்பினருக்கும் அவ்வுதவி வருமானத்தைக் கருதாமலே கிடைக்கிறது.

விற்பவருக்கும் நன்மையே

குறையைச் சொன்னால் விலை குறைந்துவிடும் என்னும் அச்சமே மறைப்பதற்குக் காரணம். நம் உதாரணத்தில் விற்பவர் கிணற்றின் செய்தியைச் சொல்லியிருந்தால் என்ன நேர்ந்திருக்கும்? சுவரைப் பெயர்த்து அஸ்திவாரம் போட 60,000 ரூபாய் செல்லும் என்று கொத்தன் கணக்கிட்டிருக்கலாம். விலை 5,40,000 ரூபாயில் முடிந்திருக்கலாம். நெசவாளி மழைக்கு முன் சுவரைச் சரிசெய்து குடிபுகுந்திருப்பார். விற்றவரும் கவலையின்றி உறங்கியிருப்பார். மறைத்ததனால் அவர் அடைந்தது 60,000 ரூபாய். அதற்காக அவர் ஆபத்தில் வைத்தது 6,00,000 ரூபாயும், கோர்ட்டுச் செலவும், ஊரில் தமக்குள்ள நாணயமும் ஆகும்.

சொன்னால் மட்டும் போதாது. சொன்னதைக் கிரயப்பத்திரத்தில் ஒரு ஷரத்தாக எழுதிவிட வேண்டும். "பின்கட்டுச் சுவர் தூர்த்த கிணற்றின்மேல் உள்ளது என்பதை வாங்குபவர் அறிந்து, அதற்குரிய தொகையை விலையில் கழித்துக்கொண்டார்" என்னும் ஒரு வாக்கியம் விற்பவருக்குக் கவசமாகும். "உள்ளது உள்ளபடி" என்று பொதுப்பட எழுதிவிட்டால் எல்லாம் தீர்ந்தது என்று சிலர் எண்ணுகின்றனர். அறிந்தே மறைத்த மோசடிக்கு அப்பொதுச் சொல் கவசமாகும் என்று நம்பியிருத்தல் பேதைமை.

சங்கங்கள் கவனிக்க வேண்டியது

வீட்டின் ஈட்டின்மேல் கடன் கொடுக்கும் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் இவ்விஷயத்தில் பங்கு உண்டு. அங்கத்தினர் வாங்கும் வீடு பழுதானால் சங்கத்தின் ஈடும் பழுதாகிறது. ஜாமீன் நின்றவர்களும் துன்புறுகின்றனர். ஆகவே கடன் மனுவைப் பரிசீலிக்கும் நிர்வாகக் குழுவினர், மேற்கூறிய கேள்வித்தாளும் விற்பவர் கையெழுத்திட்ட விடையும் மனுவோடு இணைக்கப்படவேண்டும் என்று கேட்டல் தகும். குழுவினருள் இருவராவது வீட்டை நேரிற் சென்று பார்த்தலும் வேண்டும். அவ்வூரில் எந்தக் கிணறு எங்கே தூர்ந்தது, எந்தத் தெருவில் மழைநீர் நிற்கும் என்பவற்றை ஊரார் அறிவர். ஊரார் அறிந்ததை வாங்குபவரும் கிரயத்துக்கு முன் அறியும்படி செய்வதைவிடச் சங்கம் தன் அங்கத்தினருக்குச் செய்யத்தக்க எளிய உதவி வேறில்லை.

தெரிந்த குறையைச் சொல்லுக. கேட்டதற்கு மெய்யாக விடை தருக. இரண்டையும் எழுத்தில் வைக்குக. விற்பவரும் வாங்குபவரும் இம்மூன்றையும் கடைப்பிடிப்பாராயின், கோர்ட்டு வாசலில் செலவாகும் பணம் சுவரைச் செப்பனிடச் செலவாகும், தறியும் நிற்காது.